பிஸ்கட் உறையிலிருந்து இலச்சினை போனது, விலை போகவில்லை: 2013 இலங்கை ஹலால் சர்ச்சையின் செலவுக் கணக்கு

2013 பெப்ரவரி 17ஆம் திகதி மகரகமவில் பொது பல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு நடத்திய பெருங்கூட்டத்தில் பத்து அம்சப் பிரகடனம் ஒன்று வாசிக்கப்பட்டது. அதில் நாட்டை அதிகம் உலுக்கியது ஹலால் பற்றிய அம்சம். ஹலால் சான்றிதழ் முறையை ஒழிக்க வேண்டும், கடைக்காரர்கள் மார்ச் 31க்குள் ஹலால் இலச்சினை போட்ட சரக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்றார்கள். 22 நாட்கள் கழித்து, மார்ச் 11ஆம் திகதி, இலங்கை வர்த்தக சம்மேளனத்தின் ஏற்பாட்டில், ஹலால் சான்றிதழ் வழங்கிவந்த முஸ்லிம் மார்க்க அறிஞர் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஓர் அறிவிப்பைச் செய்தது. உள்நாட்டுச் சந்தைக்குப் போகும் பொருட்களில் இனி இலச்சினை தேவையில்லை. ஏற்றுமதி செய்வோருக்குச் சான்றிதழ் தொடரும், அதுவும் கட்டணமில்லாமல். நாட்டின் அமைதிக்காக விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் உலமா சபை சொன்னதன் சாரம். பொது பல சேனா அதையும் ஏற்கவில்லை.

இந்தச் சம்பவத்தை இன அரசியலாகப் பலர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே பார்க்க நினைப்பது அதன் நடுவில் இருந்த பணக்கணக்கை. ஏனென்றால் மேடைக்கு வெளியே, பஸ்ஸிலும் அலுவலகத்திலும் சாதாரண ஆட்கள் பேசிக்கொண்டது மதத்தைப் பற்றி அல்ல, விலையைப் பற்றி. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் இஸ்லாமியர் 9.7 வீதம். "பத்துப் பேரில் ஒருவருக்குத் தேவையான முத்திரைக்கு மற்ற ஒன்பது பேரும் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" கேட்டவர்களின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. அந்தக் கணக்கை அன்று ஒருவரும் பொதுவில் போட்டுக் காட்டவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்தல்.

மூன்று சதம்

சரி, போட்டுப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை. எந்தக் கம்பனியின் கணக்கும் அல்ல.

ஒரு பெரிய பிஸ்கட் தொழிற்சாலை ஆண்டுக்கு 2 கோடி பக்கற் செய்கிறது. விண்ணப்பக் கட்டணம், வருடாந்தக் கட்டணம், பரிசோதகர்கள் வந்துபோகும் செலவு, பத்திரங்களைச் சரிபார்த்து வைக்கும் ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கு, அவ்வப்போது ஆய்வுகூடப் பரிசோதனை எல்லாம் சேர்த்து ஹலாலுக்காக ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கற் ஒன்றுக்கு 3 சதம்.

இலங்கையில் மூன்று சதத்தை யாரிடமும் வாங்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. பிஸ்கட்டின் விலை ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் படிகளில் ஏறுகிற பொருள். மாவும் சீனியும் எண்ணெயும் டொலரும் ஏறினால் ஒரு படி ஏறும். மூன்று சதம் அந்தப் படியின் ஓரத்தைக்கூடத் தொடாது. கம்பனி அதை விளம்பரச் செலவு போலத் தன் கணக்கிலேயே கரைத்துவிடும். இலச்சினையால் கூடுதலாக வாங்குகிறவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தாலே கரைந்துவிடும் தொகை அது. உற்பத்தியாளர்கள் தாங்களாகவே போய்ச் சான்றிதழுக்கு விண்ணப்பித்ததும் அதனால்தான். ஹலால் சான்றிதழ் எடுக்கும்படி எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

இதே கணக்கைச் சிறிய ஆளுக்குப் போட்டால் படம் தலைகீழாகிவிடுகிறது. வீட்டோடு சேர்ந்த ஒரு சின்னப் பேக்கரி ஆண்டுக்கு 20 ஆயிரம் பக்கற் போடுகிறது. அவர்களுக்குச் செலவு பத்தில் ஒன்றாக, 60 ஆயிரம் ரூபாயாக, குறைந்தாலும் பக்கற் ஒன்றுக்கு 3 ரூபாய். பெரிய தொழிற்சாலையைவிட நூறு மடங்கு. மூன்று ரூபாய் விலையில் தெரியும். வாங்குபவர் அடுத்த தட்டுக்குக் கையை நீட்டிவிடுவார்.

ஆகவே "ஹலாலால் விலை கூடுகிறதா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் கிடைக்காது. சான்றிதழ்ச் செலவு ஒரு நிலையான செலவு. எத்தனை பக்கற்றின் மேல் அதைப் பரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2013இல் கோபம் முழுவதும் பெரிய கம்பனிகளின் பொருட்கள் மேல் திரும்பியது. செலவு உண்மையில் உறைத்திருக்கக்கூடிய இடம் மறுமுனையில் இருந்தது. அங்கே எந்தக் கெமராவும் போகவில்லை.

எதற்குத்தான் இந்தக் காசு?

"பிஸ்கட்டில் என்ன இறைச்சியா இருக்கிறது, அதற்கு ஏன் ஹலால்?" என்று அப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதில்லை. கொழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட், கேக், மாஜரின் எல்லாவற்றிலும் சேரும் ஈ471 என்ற பால்மமாக்கி (எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கலக்கவைப்பது) கொழுப்பிலிருந்து செய்யப்படுவது. அந்தக் கொழுப்பு பாம் எண்ணெயாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம். உறையில் எண் மட்டும்தான் இருக்கும். மாவை இளக்கச் சேர்க்கும் ஈ920 இறகிலிருந்தோ முடியிலிருந்தோ வரலாம். ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும் வரும், மாட்டெலும்பிலிருந்தும் வரும். சீஸுக்குப் பாலை உறையவைக்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து வரலாம், நுண்ணுயிரிலிருந்தும் வரலாம். வாசனைச் சாறுகள் அல்கஹோலில் கரைத்து வருவதுண்டு.

பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. தொழிற்சாலைக்கு மாவு தந்தவர், அவருக்குச் சேர்மானம் தந்தவர், அவருக்கும் முந்தியவர் என்று பின்னால் நடந்துகொண்டே போக வேண்டும். ஹலால் கட்டணம் என்பது பெரும்பாலும் இந்த நடைக்கான கூலி.

இந்த நடை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தோனேசியாவில் நடந்தது நல்ல உதாரணம். 2000ஆம் ஆண்டின் கடைசியில் அஜினொமோட்டோ கம்பனியின் இந்தோனேசியக் கிளை சிக்கலில் மாட்டியது. சுவையூட்டி உப்பைத் தயாரிக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவாகக் கொடுத்த ஊடகத்தில் ஒரு சேர்மானத்தை மாற்றியிருந்தார்கள். புதியது சோயாவிலிருந்து செய்தது. ஆனால் அந்தச் சோயாப் புரதத்தை உடைக்கப் பன்றியிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தியிருந்தார்கள். கடைக்கு வரும் உப்பில் பன்றியின் தடயமே கிடையாது. அந்நாட்டு உலமா சபை ஹராம் என்றது, ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித் ஹலால்தான் என்றார். அந்த வாதம் ஒருபக்கம் நடக்க, 2001 ஜனவரியில் கம்பனி நாடு முழுவதும் சரக்கைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது, அதிகாரிகள் சிலர் கைதானார்கள். மூலப்பொருளை மாற்றும்போது சொல்லாமல் விட்ட ஒரு தகவலுக்கு இவ்வளவு. இதன் பக்கத்தில் வைத்தால் வருடாந்தக் கட்டணம் காப்புறுதிப் பணம் மாதிரிதான் தெரிகிறது.

இடையில் ஒன்று. இந்த இலச்சினை சைவக்காரருக்கும் உதவும் என்று சில நண்பர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உதவாது. முறையாக அறுத்த மாட்டின் ஜெலட்டின் ஹலால்தான். இந்தியாவில் உறைகளில் இருக்கும் பச்சைப் புள்ளிதான் அவர்களுக்கானது. அந்தப் புள்ளியை அசைவம் சாப்பிடுகிறவர் வாங்கும் பிஸ்கட்டிலும் சட்டப்படி அச்சடிக்கிறார்கள், அந்தச் செலவையும் எல்லோரும்தான் சுமக்கிறார்கள். அதற்கு யாரும் கூட்டம் போட்டதில்லை. ஆனால் பச்சைப் புள்ளியை உற்பத்தியாளர் தானே போட்டுக்கொள்கிறார், வெளியாளுக்குக் கட்டணம் போவதில்லை. அந்த வித்தியாசத்தையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

இறைச்சிக்குக் கணக்கு வேறு

பிஸ்கட்டுக்குப் போட்ட கணக்கை இறைச்சிக்குப் போட முடியாது. அங்கே ஹலால் என்பது ஒரு முத்திரை மட்டுமல்ல, வேலை செய்யும் முறை. அறுப்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும், அல்லாஹ்வின் பெயர் சொல்லப்பட வேண்டும், இரத்தம் வடிய நேரம் விட வேண்டும். ஆயிரக்கணக்கான கோழிகள் ஓடும் இயந்திர வரிசையில் கையால் அறுக்க ஆட்களை நிறுத்தினால் கூலி கூடும், சில வேளை வேகமும் குறையும். ஒரே ஆலையில் இரண்டு விதமும் செய்தால் கத்தி, கொக்கி, குளிரறை, லொறி எல்லாம் பிரித்து வைக்க வேண்டும். இந்தப் பிரிப்புத்தான் செலவின் பெரிய துண்டு.

பிரிக்காமல் எல்லாவற்றையும் ஹலாலாகவே செய்தால்? நியூசிலாந்து செய்தது கிட்டத்தட்ட அதைத்தான். அங்கே அறுக்கும் ஆடுகளில் பெரும்பகுதி ஹலால் முறையில்தான் அறுக்கப்படுகிறது. அறுக்குமுன் தலையில் மட்டும் மின்சாரம் பாய்ச்சி மயக்குகிறார்கள். மயக்கம் தானாகத் தெளியக்கூடியது, ஆகவே ஆடு அறுப்பினால்தான் சாகிறது. முஸ்லிம் நாடுகளின் சந்தை வேண்டும் என்பதற்காக முழு வரிசையையும் மாற்றிவிட்டார்கள். இரண்டு வரிசை வைப்பதைவிட ஒன்று மலிவு. லண்டனில் அந்த ஆட்டிறைச்சியை வாங்கும் ஆள் அது ஹலாலா என்று தெரியாமலே சாப்பிடுகிறார், அதற்கென்று தனி விலையும் இல்லை.

யூதர்களின் உணவு விதியான கோஷரோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். கோஷர் மாட்டிறைச்சி பல நாடுகளில் கண்கூடாகவே விலை கூடியது. மாட்டின் பின்பகுதியில் விலக்கப்பட்ட நரம்பையும் கொழுப்பையும் எடுப்பது கடினம் என்பதால் பெரும்பாலும் அந்தப் பகுதியையே வெளியே விற்றுவிடுகிறார்கள். நுரையீரலைப் பரிசோதித்துப் பழுதிருந்தால் முழு உடலையுமே தள்ளிவிடுகிறார்கள். பிறகு உப்பிட்டு ஊறவைத்துக் கழுவும் வேலை. ஹலாலில் இப்படித் தள்ளும் பங்கு மிகக் குறைவு. இரத்தமும் சில உறுப்புகளும் போக மிச்சமெல்லாம் விற்பனைக்கு. எந்த விதி சரக்கைக் கழிக்கிறதோ அந்த விதிக்குத்தான் விலையும் கூட.

அந்த உடன்பாட்டின் கணக்கு

இனி மார்ச் 11க்குத் திரும்புவோம். அன்றைய உடன்பாட்டைச் செலவுக் கண்ணால் படித்தால் விசித்திரமாக இருக்கிறது.

முதலாவது, உள்நாட்டுக்கு இலச்சினை வேண்டாம், ஏற்றுமதிக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால் தொழிற்சாலைக்குள் என்ன மாறுகிறது? ஒன்றும் மாறாது. அதே வரிசை, அதே மாஜரின், அதே பரிசோதனை. மத்திய கிழக்குக்குப் போகும் பெட்டிக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் அந்த வரிசை முழுவதும் ஹலாலாக இருந்தாக வேண்டும். மாறியது உறை மட்டும். அதாவது ஒரே பிஸ்கட்டுக்கு இரண்டு அச்சு, இரண்டு இருப்பு, இரண்டும் கலந்துவிடாமல் பார்க்கும் வேலை. ஹலால் செலவை ஒழிக்கப் போய்ப் புதிதாக ஒரு செலவை உருவாக்கினார்கள்.

இரண்டாவது, "கட்டணமில்லாமல்" என்ற சொல். பரிசோதகர் சும்மா வரமாட்டார். கட்டணம் வாங்காவிட்டால் அந்தச் செலவு உலமா சபையின் தலையில். அது மக்களின் ஆதரவில் இயங்கும் சபை, சுற்றிவளைத்துப் பார்த்தால் முஸ்லிம் சமூகத்தின் தலையில். "ஒருவருக்காக ஒன்பது பேர் செலுத்துகிறார்கள்" என்று தொடங்கிய போராட்டம், நாட்டின் ஏற்றுமதிக்காக அந்த ஒருவர் செலுத்தும் ஏற்பாட்டில் வந்து நின்றது. இதை அன்று யாரும் சுட்டிக்காட்டியதாக என் கண்ணில் படவில்லை. சமாதானம் வந்ததே போதும் என்ற களைப்பில் எல்லோரும் இருந்தார்கள்போல. அந்தச் சமாதானமும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில், அளுத்கம எரிந்தது.

மூன்றாவது, வாங்குபவர். இலச்சினை ஒரு தகவல். தகவலை எடுத்துவிட்டால் தேவை போய்விடாது, தேடும் வேலை வரும். முன்பு உறையின் மூலையைப் பார்த்து ஒரு விநாடியில் முடிந்த வேலைக்கு, இலச்சினை போன பிறகு சேர்மானப் பட்டியலை வாசிக்க வேண்டியிருந்தது, ஈ471 எங்கிருந்து வந்தது என்று யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது, பள்ளிவாசலில் சொன்ன பட்டியலை ஞாபகம் வைக்க வேண்டியிருந்தது. சந்தேகமாக இருந்தால் வைத்துவிட்டு, தெரிந்த விலை கூடிய பொருளை எடுக்க வேண்டியிருந்தது. மூன்று சதத்துக்குத் தொழிற்சாலை ஒரே தடவையில் செய்த நடையை ஒவ்வொரு வீடும் தனித்தனியாக நடக்க வேண்டி வந்தது. பொருளியலில் இதைத் தேடற் செலவு என்பார்கள். விலைப்பட்டியலில் இது வராது, அதனால் யாரும் இதை எதிர்த்து ஊர்வலம் போவதில்லை.

உலமா சபையின் பக்கமும் ஒரு பிழை இருந்தது என்பது என் கருத்து. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் சபையே கட்டணமும் வாங்கினால், எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும் "காசு எங்கே போகிறது?" என்ற கேள்வி ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் காசு பயங்கரவாதத்துக்குப் போகிறது என்ற வதந்தி அத்தனை இலகுவாக ஓடியதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். பிறகு சான்றிதழ் வேலை இலாப நோக்கற்ற தனி நிறுவனமான ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்சிலிடம் போனது. அதைப் பத்து வருடம் முன்பே செய்திருக்கலாம்.

அதே பாட்டு, வேறு ஊர்கள்

இலங்கையோடு இது நிற்கவில்லை. 2014 நவம்பரில் தென் அவுஸ்திரேலியாவின் ஃப்ளூரியு என்ற பால், தயிர்க் கம்பனி சமூக ஊடக மிரட்டல்கள் தாங்காமல் ஹலால் சான்றிதழைக் கைவிட்டது. சான்றிதழுக்கு அவர்கள் கொடுத்தது சுமார் 1,000 டொலர். அதை விட்டதால் இழந்தது எமிரேட்ஸ் விமானச் சேவைக்குத் தயிர் கொடுக்கும் சுமார் 50,000 டொலர் ஒப்பந்தம். ஹலாலின் விலை எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும்தான் நான் காட்டுவது. அங்கே எழுந்த கூச்சலில் செனட் குழு ஒன்று விசாரணையே நடத்தி 2015 டிசம்பரில் அறிக்கை தந்தது. சான்றிதழ்க் காசுக்கும் பயங்கரவாதத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் தெரியவரவில்லை என்றது. அதோடு, சான்றளிக்கும் துறையில் ஒழுங்கும் வெளிப்படைத்தன்மையும் போதாது என்றும் சொன்னது. இரண்டாவதை ஹலாலின் ஆதரவாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

2023 நவம்பர் 18ஆம் திகதி இந்தியாவின் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்றிதழ் பெற்ற உணவுப் பொருட்களின் உற்பத்தி, சேமிப்பு, விநியோகம், விற்பனை எல்லாவற்றையும் தடைசெய்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. மார்ச் 11இன் அதே வடிவம். வெளிநாட்டில் வாங்குபவரின் நம்பிக்கைக்கு மரியாதை, உள்ளூரில் வாங்குபவருடையதற்கு இல்லை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2025 ஜனவரியில் வந்தபோது, ஹலாலை நம்பாதவர்கள் ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டார். சான்றளிக்கும் அமைப்புகள் சில லட்சம் கோடி ரூபாய் வசூலித்திருப்பதாகவும் சொன்னார். இந்தியாவின் எருமை இறைச்சி ஏற்றுமதி முழுவதையும் கூட்டினாலே ஆண்டுக்கு ஏறக்குறைய 30 ஆயிரம் கோடி ரூபாய்தான். இறைச்சியைவிட அதன் சான்றிதழ் பல மடங்கு பெறுமதி என்றால் எல்லோரும் மாட்டை விட்டுவிட்டு முத்திரை வியாபாரத்துக்கே போயிருப்பார்கள்.

கணக்கைக் கொஞ்சமாவது ஒழுங்காகப் போட்டவர்கள் மலேசியாவும் இந்தோனேசியாவும். மலேசியாவில் ஜாக்கிம் என்ற அரச இஸ்லாமிய அபிவிருத்தித் திணைக்களம் உணவு உற்பத்தியாளரிடம் வாங்கிவந்த கட்டணம் ஆண்டுக்குச் சிறு தொழிலுக்கு 100 ரிங்கிட், நடுத்தரத்துக்கு 400, பன்னாட்டு நிறுவனத்துக்கு 700. இந்தோனேசியா 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் ஹலால் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. ஆபத்துக் குறைந்த பொருள் செய்யும் மிகச் சிறிய தொழில்களுக்கு, தாங்களே உறுதிமொழி கொடுத்து இலவசமாகச் சான்றிதழ் பெறவும் ஒரு வழியை வைத்தது. கட்டாயமாக்கியது சரியா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் நிலையான செலவு சின்ன ஆளை நசுக்கும் என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நம் சர்ச்சையில் அந்தச் சின்னப் பேக்கரிக்காரர் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. இலச்சினை வேண்டாம் என்றவர்களுக்கு அவருடைய மூன்று ரூபாய் தெரியாது. வேண்டும் என்றவர்கள் அவருக்குக் கட்டணத்தைக் குறைப்பது பற்றிப் பேசவில்லை. அவர் இன்றும் உறையில் ஒன்றும் போடாமல், ஊரில் தன்னைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றுக்கொண்டிருப்பார். பக்கத்து ஊர்க் கடைக்குக் கொண்டுபோனால் முதலில் கேட்பது, "இது ஹலாலா தம்பி, சேர்ட்டிபிகேட் இருக்கா?"